வலப்பக்கம் இறுக்கம்

ஜூலை 8, திங்கள்

வெள்ளை அங்கி போட்ட முதல் நாள். தோள் அகலமாகவும் கை குட்டையாகவும் இருக்கிறது. மாற்றித் தர முடியாதாம்.

துறைத் தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார். "இந்த ஐந்து மாத கிளினிக் பயிற்சியை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்" என்பதை மட்டும் ஏழு முறை சொன்னார். வேறு வேலை இல்லாததால் எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியில் கொடுத்த ஒற்றைத் தாளில்தான் விஷயம் இருந்தது. நவம்பர் 29-க்குள் முப்பத்தைந்து புதிய நோயாளிகள், இருநூறு சிகிச்சைகள். ஒன்று குறைந்தாலும் அடுத்த அணியோடு சேர்ந்து இன்னும் ஆறு மாதம். பினாங்கில் எனக்குப் பேசி வைத்திருக்கும் வேலை ஜனவரியில் தொடங்குகிறது. அவர்கள் ஆறு மாதம் காத்திருக்க மாட்டார்கள்.

தினமும் அனுபவக் குறிப்பு வேறு எழுத வேண்டுமாம், ஆங்கிலத்தில். அதில் எல்லாம் நன்றாகப் போகிறது என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். இது எனக்கு. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் கட்டுரை எழுத வைத்தார்களே, திட்டுவதற்காவது பயன்படட்டும்.

அறை ஒதுக்கக் குலுக்கல் போட்டார்கள். எனக்கு மூன்றாம் எண். ஏர்கான் சொட்டுகிற அறை. தண்ணீர் மேலே விழாமல் இருக்கக் கட்டிலைச் சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டுமே நிற்க முடியும். கட்டிலில் முகம் வைக்கும் ஓட்டை ஒரு முனையில்தான் உண்டு என்பதால் ஆளைத் திருப்பிப் படுக்க வைக்கவும் முடியாது. மாற்றிக் கேட்டேன். "அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றார்கள்.

ஜூலை 11, வியாழன்

முதல் நோயாளி. மோகன்தாஸ் அங்கிள், அறுபத்து மூன்று வயது, முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இடுப்பு வலி.

எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் என் மாமா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், "நெட்டி முறிக்கிறதுக்கா நாலு வருஷம் படிக்கிற?" என்று. நெட்டி முறிப்பது கடைசி ஒரு வினாடி மாமா. அதற்கு முன் முதுகெலும்பை மேலிருந்து கீழே ஒவ்வொரு கண்ணியாக விரலால் அழுத்திப் பார்த்து, எது அசையாமல் இறுகிக் கிடக்கிறது, எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க வேண்டும். கைரோபிராக்டிக் படிப்பே அதுதான். விரலுக்குக் கண் வர வேண்டும்.

இன்று என் விரலுக்குக் கண் வந்தது. கீழ் முதுகு, வலப்பக்கம் இறுக்கம். தெளிவாகத் தெரிந்தது. மேற்பார்வையாளர் டாக்டர் சாந்தினி கதவருகே வந்து நின்றார். "என்ன கிடைச்சது?" என்றார். சொன்னேன். "ஓகே, பண்ணு" என்றார். அழுத்தினேன். டக்கென்று சத்தம். அங்கிள் "ஆத்தாடி" என்றார். பிறகு எழுந்து நடந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு மா, நாளைக்கும் வரட்டுமா?" என்றார்.

1 / 35.

ஜூலை 19, வெள்ளி

பிரவினுக்கு ஒன்பது நோயாளிகள் சேர்ந்துவிட்டார்கள். என் வகுப்பில் நான் சகித்துக்கொள்ளும் ஒரே ஆண்பிள்ளை அவன்தான், இப்போது அவனையும் சகிக்க முடியவில்லை. கோயில் உறுமி மேளக் குழுவில் இருக்கிறான். மேளம் அடித்தால் தோள் வலிக்காதா? மொத்தக் குழுவையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டான்.

"நீயும் எங்கயாச்சும் சேந்துக்க லா" என்கிறான்.

எங்கே சேர? கோலாலம்பூரில் எனக்குத் தெரிந்தவர்கள் வீட்டுக்காரச் சீன அம்மாவும், தெருமுனை மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே ஓ, அதாவது பால் இல்லாத தேநீர், ஆற்றுகிறவரும்தான். சீன அம்மாவுக்கு உதட்டைச் சுழிக்கத் தெரியும். தே ஓ ஆற்றுகிறவருக்கு முதுகு இரும்பு.

3 / 35.

ஜூலை 31, புதன்

வெட்கத்தை விட்டுவிட்டேன். ரயிலில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவரிடம் போய் கிளினிக் அட்டையைக் கொடுத்தேன். அவர் என்னைக் காப்பீடு விற்கிறவள் என்று நினைத்து அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

ஆனால் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் உள்ள கடை வரிசையில் ஒரு நல்ல காரியம் நடந்தது. ரவிக்கை தைக்கிற அஞ்சலைதேவி ஆண்ட்டி. ஜிப் போடக் கொடுத்த பாவாடையை வாங்கப் போனேன். தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒருவர் வலிக்கிறது என்று சொல்லும்போது சந்தோஷப்படுகிற படிப்பு இது.

"நான் ஸ்டூடண்ட்தான் ஆண்ட்டி. ஆனா டாக்டர் கூட இருப்பாங்க."

"டாக்டர் இருந்தா என்னா, இல்லாட்டி என்னா, தீபாவளிக்குள்ள சரியாவணும். இருநூறு ரவிக்க கெடக்கு" என்றார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

அஞ்சலை ஆண்ட்டி வந்தார். ஐம்பத்திரண்டு வயது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் வலி, இடப்பக்கம். கையிலும் இறங்குகிறதாம்.

குப்புறப் படுக்க வைத்துத் தேடினேன். மேல் முதுகு, வலப்பக்கம் இறுக்கம். மற்றவர்களைவிட நன்றாகவே தெரிந்தது.

"வலி இந்தப் பக்கம் மா" என்றார், இடப்பக்கத்தைக் காட்டி.

இதற்கு வகுப்பிலேயே பதில் வைத்திருக்கிறோம். வலிக்கிற இடம் வேறு, கோளாறு இருக்கிற இடம் வேறு. வலப்பக்கம் அசையாமல் கிடப்பதால் அதன் வேலையையும் சேர்த்து இடப்பக்கம் செய்கிறது, அதனால் வலிக்கிறது. சுவரில் இருக்கும் எலும்புக்கூட்டுப் படத்தைக் காட்டி விளக்கினேன். எனக்கே என் பேச்சு பிடித்திருந்தது. ஆண்ட்டி வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"வலப்பக்கத்துக்குக் கொஞ்சம் ஓய்வு குடுங்க. துணி மூட்டைய இனிமே இடக்கையில தூக்குங்க" என்றேன்.

டாக்டர் சாந்தினி கதவருகே நின்று கைப்பேசியில் யாருக்கோ பதில் அனுப்பிக்கொண்டே தலையாட்டினார். கையெழுத்துப் போட்டார்.

8 / 35.

ஆகஸ்ட் 14, புதன்

ஒரு நோயாளிகூட இல்லை. ஏர்கான் சொட்டியது. வாளியை மாற்றினேன். முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

இன்று மூன்று பேர். கணக்காளர் ஒருவர், நடு முதுகு, வலப்பக்கம் இறுக்கம். நர்சரி ஆசிரியை, கழுத்து, வலப்பக்கம் இறுக்கம். மோகன்தாஸ் அங்கிள் பதினோராவது முறை, அதே வலப்பக்கம். அவர் ஏர்கானுக்காகத்தான் வருகிறார் என்று எனக்குச் சந்தேகம். வாசலில் வைத்தே "பசியாறியாச்சா மா?" என்று கேட்டு, படுத்ததும் குறட்டை விடுகிறார்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். என் நோயாளிகள் அத்தனை பேருக்கும் வலப்பக்கம்தான். யோசித்தால் காரணம் எளிது. பெரும்பாலானவர்கள் வலது கைக்காரர்கள். வலது கையால் எழுதுகிறார்கள், கைப்பேசி பிடிக்கிறார்கள், வலப்பக்கம்தானே இறுகும்? பிரவினிடம் சொன்னேன், இதை வைத்தே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதலாம் என்று. அவன் கோழிக்காலைக் கடித்துக்கொண்டே "எழுது லா" என்றான். அவனுக்குப் பொறாமை.

தலைப்பைக்கூட எழுதி வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 12, வியாழன்

கடுப்பு. அஞ்சலை ஆண்ட்டிக்கு ஏழாவது முறை. இன்னும் வலி இருக்கிறது என்கிறார். ஒவ்வொரு தடவையும் வலப்பக்கத்தில் நல்ல சத்தம் வருகிறது, இறுக்கம் கொஞ்சம் விடுகிறது, அடுத்த வாரம் மறுபடி அப்படியே இருக்கிறது.

"இந்தப் பக்கம் ஒரு தடவ பாத்தா என்னா மா?" என்றார்.

"பாத்துட்டேன் ஆண்ட்டி. அங்க ஒண்ணும் இல்ல."

"வலி அங்கதான இருக்கு."

"வலி இருக்கும். கோளாறு அங்க இல்ல."

அவர் படுத்துக்கொண்டார். எனக்கு ஏன் எரிச்சல் வந்தது என்று தெரியவில்லை. நான்கு வருடம் படித்தது நானா அவரா? இவர்களுக்குப் பொறுமையே இல்லை. இரண்டு வாரத்தில் சரியாக வேண்டும் என்றால் மந்திரவாதியிடம் போக வேண்டியதுதான்.

மூட்டையை இடக்கையில்தானே தூக்குகிறீர்கள் என்று கேட்டேன். ஆமாம் என்றார். சொன்னதைக் கேட்கிற நோயாளி, அந்த வகையில் நல்லவர்.

செப்டம்பர் 25, புதன்

22 / 35. சிகிச்சை 131.

அம்மா போனில் கூப்பிட்டாள். தான் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாளாம், டிசம்பரில் என் மகள் டாக்டர் என்று. பட்டமளிப்புக்குப் பெரியம்மா குடும்பம், மாமா குடும்பம், பக்கத்து வீடு, எல்லோரும் வருகிறார்களாம். "மாமா கூடவா?" என்றேன். "அவருக்கு இடுப்புல ஏதோ புடிச்சிக்கிச்சு, நீதான் பாக்கணும்" என்றாள். நெட்டி முறிக்கிறவள் தேவைப்படுகிறாள் இப்போது.

அஞ்சலை ஆண்ட்டி இடது சுண்டுவிரல் மரத்துப்போகிறது என்றார். கோப்பில் குறித்தேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார். அவரும் பாவம், ஒரே நேரத்தில் ஆறு அறையைப் பார்க்கிறார்.

அக்டோபர் 7, திங்கள்

அதிசயம். புது ஏர்கான் மாட்டினார்கள். ஜூலையில் கேட்டது. பழையது இருந்த இடத்தில் சுவர் ஈரமாக இருக்கிறதாம், அதை உடைத்துப் பூச வேண்டுமாம், அதனால் கட்டிலை எதிர்ச் சுவருக்குத் தள்ளிவிட்டார்கள். மறுபடி சுவரோடு ஒட்டித்தான். ஆனால் வாளி இல்லை. எனக்கு இது போதும்.

அக்டோபர் 9, புதன்

நான் சரியான பாதையில்தான் இருக்கிறேன்! மோகன்தாஸ் அங்கிளின் வலப்பக்கம் முழுக்கச் சரியாகிவிட்டது. மூன்று மாதமாக அசையாத கண்ணி வெண்ணெய் மாதிரி அசைகிறது. இப்போது இடப்பக்கம் கொஞ்சம் இறுகியிருக்கிறது. உடம்பு தன்னைச் சமன் செய்துகொள்ளும்போது அப்படி ஆவது உண்டு. புத்தகத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கணக்காளருக்கும் வலப்பக்கம் விட்டுவிட்டது.

அக்டோபர் 11, வெள்ளி

நர்சரி ஆசிரியைக்கும் வலப்பக்கம் சரி, இடப்பக்கம் இறுக்கம். இன்று வந்த புதியவருக்கும் இடப்பக்கம். ஒரே வாரத்தில் எல்லோருக்கும் சரியாகிறது. பிரவினிடம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "எல்லாருக்குமா?" என்றான். பொறாமை என்று போன முறை எழுதியிருக்கிறேன். இன்று அப்படி எழுத முடியவில்லை.

31 / 35. சிகிச்சை 168.

அக்டோபர் 14, திங்கள்

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

துப்புரவு அக்கா அறையைக் கழுவுவதற்காகக் கட்டிலை நடுவில் இழுத்துப் போட்டிருந்தார். அங்கிள் அதற்குள் ஏறிப் படுத்துவிட்டார். சரி, இருக்கட்டும் என்று அப்படியே பார்க்கத் தொடங்கினேன். பழக்கதோஷத்தில் முன்பு நின்ற பக்கம் நின்றேன். அவருடைய இடது பக்கம். அழுத்தினேன். வலப்பக்கம் இறுக்கம்.

புதனன்று சரியான வலப்பக்கம்.

பேனா கீழே விழுந்து உருண்டு அந்தப் பக்கம் போனது. எடுக்கப் போனவள் அங்கிருந்தே அழுத்திப் பார்த்தேன். இடப்பக்கம் இறுக்கம். வலது வெண்ணெய்.

திரும்ப இந்தப் பக்கம் வந்தேன். வலப்பக்கம். அந்தப் பக்கம் போனேன். இடப்பக்கம். மறுபடி சுற்றி வந்தேன்.

"என்னா மா, கோயில் சுத்துற மாதிரி சுத்துற?" என்றார் அங்கிள், ஓட்டைக்குள்ளிருந்து.

நான் நிற்கிற பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் இறுகுகிறது. அவருக்கு இல்லை. எட்டி, சாய்ந்து, கோணலாக அழுத்துகிறேன், அது என் மணிக்கட்டின் இறுக்கம். மூன்று மாதமாக முப்பத்தொரு பேர் முதுகில் நான் கண்டுபிடித்தது மூன்றாம் அறையின் கட்டில் எந்தச் சுவரோடு ஒட்டியிருக்கிறது என்பதைத்தான்.

"ஒண்ணும் இல்ல அங்கிள். இன்னிக்கு போதும்" என்றேன்.

"சத்தம் வரலையே?"

"இன்னிக்கு வேணாம்."

"ஆனா இடுப்பு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே செருப்பைப் போட்டார். அதைக் கேட்டதும்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது. தப்பாகச் செய்தும் நன்றாக இருக்கிறது என்றால், நான் எதைச் செய்தேன்?

அக்டோபர் 15, செவ்வாய்

பிரவினிடம் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. காலியாக இருந்த நேரத்தில் அவனுடைய உறுமிக் குழு ஆட்கள் ஐந்து பேரை ஒருவர் பின் ஒருவராகப் படுக்க வைத்து, நான் பார்த்து ஒரு தாளில் எழுதினேன், அவன் பார்த்து வேறு தாளில் எழுதினான். பிறகு ஒப்பிட்டோம். இரண்டு பேரும் சுற்றி வந்து, நிதானமாக, இரண்டு பக்கமும் நின்று பார்த்ததுதான். ஐந்தில் இரண்டு ஒத்துப்போனது.

"நீ தப்பா நான் தப்பா?" என்றேன்.

"தெரியல லா" என்றான். பிறகு, "விடு யுகேஸ். இன்னும் நாலு பேர். யாருக்குத் தெரியப்போவுது? எல்லாரும் நல்லா இருக்குன்னுதான சொல்றாங்க."

எல்லாரும் இல்லை. ஒருவர் சொல்லவில்லை. அவர் இரண்டு வாரமாக வரவுமில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

அஞ்சலை ஆண்ட்டி கடைக்குப் போனேன். தீபாவளிக்கு இரண்டு வாரம்கூட இல்லை, அந்த வரிசையில் எல்லாக் கடையிலும் கூட்டம். இவர் கடையில் இயந்திரம் ஓடவில்லை. இரண்டு பெண்கள் தைக்காத துணியைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தி போகும்போது, "மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல ஆண்ட்டி" என்று முணுமுணுத்தாள்.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கோபமாக இருப்பார் என்று பயந்து போனேன். அவர் மன்னிப்புக் கேட்கிற மாதிரிப் பேசினார்.

"வரணும்னுதான் மா இருந்தேன். கை தூக்க முடியல. ஊசி கோக்க வரல, வெரல்ல உணர்ச்சியே இல்ல. அதான் பாதிய வேற ஆளுகிட்ட குடுத்துட்டேன்."

"எவ்ளோ நாளா இப்படி?"

"கூடிக்கிட்டே வந்துச்சி. நீ சொன்ன மாதிரிதான் மா செஞ்சேன். வலது கையில ஒரு மூட்ட தூக்கல. எல்லாம் இடக்கைதான். மொதல்ல ரெண்டு கையிலயும் மாத்தி மாத்தி தூக்குவேன்."

சொல்லிக்கொண்டே, மேசை மேலிருந்த பட்டுத்துணிக் கட்டை ஓரமாக நகர்த்தப் போனார். இடக்கையால். வலது கை சும்மா தொங்கியது. முகம் சுருங்கியது. ஆனாலும் வலது கையைக் கொண்டுவரவில்லை. நான் சொல்லியிருக்கிறேன் அல்லவா.

"ஆண்ட்டி, வைங்க. வைங்க அத" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நானே தூக்கி வைத்தேன்.

"இனிமே இடக்கையில தூக்காதீங்க. நான் சொன்னது தப்பு."

"இல்ல மா, நீ படிச்ச பொண்ணு..."

"தப்பு ஆண்ட்டி. உடனே ஆஸ்பத்திரில காட்டுங்க. எங்க கிளினிக் இல்ல. பெரிய ஆஸ்பத்திரில."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியவில்லை. திட்டியிருந்தால் எழுதியிருப்பேன்.

அக்டோபர் 21, திங்கள்

டாக்டர் சாந்தினியிடம் சொல்லவில்லை. கிளினிக்கில் கூட்டம்.

அக்டோபர் 22, செவ்வாய்

இன்றும் சொல்லவில்லை. புதிதாக இருவர். 33 / 35. கட்டிலை நடுவில் இழுத்துப் போட்டு, இரண்டு பக்கமும் நின்று பார்த்தேன். ஒருவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. "எங்க இருக்கு?" என்று அவரே கேட்டார். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. எதையோ சொன்னேன். அழுத்தவில்லை.

அக்டோபர் 25, வெள்ளி

எழுதிப் பார்க்கிறேன், சொன்னால் என்ன ஆகும் என்று. அக்டோபர் 14-க்கு முந்தைய எல்லாக் கோப்பும் போகும். பினாங்கு போகும். டிசம்பரில் வேன் பிடித்துக்கொண்டு வரவிருக்கும் பெரியம்மா, மாமா, பக்கத்து வீடு, எல்லாம் போகும். சொல்லாவிட்டால் எதுவும் ஆகாது. இன்னும் இரண்டு பேர், கையெழுத்து, முடிந்தது. பிறகு பினாங்கில் ஒரு அறை கொடுப்பார்கள். கட்டில் ஏதோ ஒரு சுவரோடு ஒட்டியிருக்கும்.

என் விரலை நான் நம்பவில்லை. அதை நம்பி யாரோ படுக்கப்போகிறார்கள்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. ஊருக்குப் போகவில்லை, வேலை இருக்கிறது என்று பொய் சொன்னேன். பிரவின் வீட்டிலிருந்து முறுக்கு வந்தது. அஞ்சலை ஆண்ட்டிக்கு வாழ்த்து அனுப்பத் தட்டச்சு செய்து அழித்தேன்.

நவம்பர் 4, திங்கள்

சொல்லிவிட்டேன்.

டாக்டர் சாந்தினிக்கு என்னைவிட ஏழு வயதுதான் கூட. அவர் அறையில் மதியச் சாப்பாட்டைத் திறந்து வைத்திருந்தார். முதலில் புரியவில்லை. கோப்புகளை மேசையில் வரிசையாக வைத்துக் காட்டினேன். வலப்பக்கம், வலப்பக்கம், வலப்பக்கம். அக்டோபர் ஏழுக்குப் பிறகு இடப்பக்கம், இடப்பக்கம். பிறகு கட்டில் எந்தத் தேதியில் எந்தச் சுவரில் இருந்தது என்று எழுதிய தாளை வைத்தேன்.

அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"இதெல்லாம் நான் கூட நின்னு செக் பண்ணேன்னு எழுதியிருக்கு" என்றார்.

"நின்னீங்க டாக்டர். கதவுகிட்ட."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவர் முகம் சிவந்தது.

"ஆறு ரூம் யுகேஸ்வரி. ஒரு ஆளு. நான் ஒவ்வொரு முதுகா தொட்டுக்கிட்டு இருக்க முடியுமா? இன்னும் நாலு வாரம் பொறுத்து, முடிச்சிட்டு வந்து இத சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஒரு ஆண்ட்டிக்குக் கை வேலை செய்யல டாக்டர்."

அவர் அஞ்சலை ஆண்ட்டியின் கோப்பைத் தேடி எடுத்தார். செப்டம்பர் 25 பக்கத்தைத் திறந்தார். இடது சுண்டுவிரல் மரத்துப்போகிறது என்று என் கையெழுத்தில் இருந்தது. அதன் கீழே அவர் கையெழுத்து. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, "அந்தம்மா நம்பர் குடு" என்றார்.

நவம்பர் 8, வெள்ளி

தீர்ப்பு. முப்பத்தொரு கோப்பும் செல்லாது. அடுத்த அணியோடு ஆறு மாதம். டாக்டர் சாந்தினிக்கும் ஒரு கடிதம் போயிருக்கிறதாம், அவர் என்னிடம் பேசவில்லை. முப்பத்தொரு பேரையும் நானே கூப்பிட்டு, மறுபரிசோதனைக்கு வரச் சொல்ல வேண்டும். துறைத் தலைவர் இந்த முறை ஒரே ஒரு தடவைதான் சொன்னார், வாய்ப்பை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று.

அம்மாவிடம் சொன்னேன். புரிந்துகொள்வாள் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்திருந்தேன்.

"யாரும் கேக்கலல்ல? யாரும் கேக்காத விஷயத்த நீ எதுக்கு போய் சொன்ன? வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல யுகேஸ்? நான் இப்ப ஊர்ல என்னான்னு சொல்லுவேன்?"

போனை வைத்துவிட்டாள். அரை மணி நேரம் கழித்து "பசியாறுனியா" என்று ஒரு குறுஞ்செய்தி. அதற்குப் பதில் போடவில்லை. கோபம். யார் மேல் என்று கேட்டால் எல்லோர் மேலும். கட்டில் மேலும்.

நவம்பர் 13, புதன்

கூப்பிட்ட முப்பத்தொரு பேரில் ஒன்பது பேர் வருகிறேன் என்றார்கள். பன்னிரண்டு பேர், இப்போது நன்றாகத்தான் இருக்கிறது, வேண்டாம் என்றார்கள். கணக்காளர், புகார் கொடுப்பேன் என்றார். கொடுங்கள் என்றேன். மோகன்தாஸ் அங்கிள், "அப்ப இனிமே தெனமும் வரலாமா மா?" என்றார். மீதிப் பேர் எடுக்கவே இல்லை. அஞ்சலை ஆண்ட்டியும் அதில் ஒருவர்.

பிரவினிடமிருந்து தெரிந்தது, டாக்டர் சாந்தினியே நேரில் போய் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாராம். கழுத்தில் நரம்பு அழுந்தியிருக்கிறது. இடப்பக்கம். அறுவைச் சிகிச்சை வேண்டாம், மருந்தும் பயிற்சியும் போதும், ஆனால் சரியாக மாதக்கணக்கில் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நவம்பர் 29, வெள்ளி

கடைசி நாள். மற்றவர்களுக்கு.

காலையிலிருந்தே வரவேற்பறையில் கேக், பலூன். பிரவின் நாற்பத்தொரு நோயாளிகளோடு முடித்துவிட்டான். படம் எடுக்க என்னையும் கூப்பிட்டான். போகவில்லை. அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சிரிக்கிறவர்களுக்கு நடுவில் அங்கியோடு நிற்க எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அவனுக்குக் கொஞ்சம் வருத்தம். எனக்கு நிறைய.

பதினொரு மணிக்கு அஞ்சலை ஆண்ட்டி வந்து நின்றார். நான் எதிர்பார்க்கவில்லை. கழுத்தில் பட்டை. கையில் ஆஸ்பத்திரி உறை.

"டாக்டரம்மா வரச் சொன்னாங்க. ஆஸ்பத்திரிலயும் கேட்டுட்டுத்தான் வந்தேன். முறிக்கக் கூடாது, தொட்டுப் பாக்கலாம்னாங்க" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

டாக்டர் சாந்தினியும் பின்னாலேயே வந்தார். என்னிடம் மூன்று வாரமாகப் பேசாதவர் இன்றும் பேசவில்லை. ஆனால் கதவருகே நிற்கவில்லை. கட்டிலின் அந்தப் பக்கம் வந்து நின்றார். கைப்பேசி வெளியே எங்கோ அடித்தது, எடுக்கப் போகவில்லை.

பட்டையைக் கழற்றி, ஆண்ட்டியை உட்கார வைத்தேன். பின்னால் நின்று தொட்டேன். மெதுவாக, இரண்டு பக்கமும், ஒரே அளவு அழுத்தி. வலது. இடது. மறுபடி வலது. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆஸ்பத்திரி ஸ்கேனில் இடப்பக்கம் என்று எழுதியிருப்பது தெரியும், அதை அப்படியே சொல்லிவிடலாம். டாக்டர் காத்துக்கொண்டிருந்தார். வெளியே என் வகுப்பு ஒன்று, இரண்டு, மூன்று என்று கத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியல ஆண்ட்டி" என்றேன். "என் வெரலுக்குத் தெரியல. ஆகஸ்ட்லயும் தெரியல. தெரிஞ்ச மாதிரி சொன்னேன். உங்க தீபாவளிய கெடுத்துட்டேன்."

அவர் வலது கையை எடுத்துத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினார். என் விரலைத் தேடிப் பிடித்தார். கழுத்தின் அடியில், இடப்பக்கம், எலும்புக்கு ஒரு விரற்கடை தள்ளி ஓரிடத்தில் கொண்டுபோய் வைத்து அழுத்தினார். அவர் உடம்பு துள்ளியது. என் விரலை விடவில்லை.

"இங்க மா" என்றார். "அப்பலேர்ந்து இங்கதான் இருக்கு. ஒவ்வொரு வாட்டியும் படுத்துக்கிட்டு, இன்னிக்காச்சும் இங்க வர்றியான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."